பழைய காரின் வயரிங் ஹார்னஸைப் புதிதாகக் கட்டுகிறேன்: திட்டத்தில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்

கராஜ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1970-களின் நடுவில் தயாரான, பிரிட்டிஷ் வயரிங் முறையைக் கொண்ட ஒரு செடான் காரை இரண்டு ஆண்டுகளாகச் சீரமைத்து வருகிறேன். பாடி வேலையும் என்ஜின் வேலையும் முடிந்துவிட்டன. வயரிங் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஹார்னஸை, அதாவது காரின் வயர்கள் அனைத்தும் சேர்ந்த கட்டை, கழற்றி வெளியே எடுத்துப் பார்த்தபோது, என்ஜின் பக்கத்து வயர்களின் உறை வளைத்தாலே வெடிக்கும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. சில இடங்களில் உறையைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் ஆங்காங்கே வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்த இணைப்புகள் மட்டும் பதினேழு. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுவதையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

கட்டும்போதே சில மாற்றங்களையும் செய்ய நினைக்கிறேன். ஹெட்லைட்டுகளுக்கு 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்புகளைப் போட்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) வழியாக இயக்குவது. இரண்டே இரண்டு கண்ணாடி ஃபியூஸ்கள் கொண்ட பெட்டியை எடுத்துவிட்டு எட்டு பிளேடு ஃபியூஸ்கள் கொண்ட பெட்டியை வைப்பது. ரேடியேட்டருக்கு மின்விசிறி பொருத்துவது. டாஷ்போர்டில் உள்ள எல்லா பல்புகளையும் எல்இடி ஆக்குவது. பழைய ஃபியூஸ்களில் 35 என்று எழுதியிருப்பதால் புதியவற்றையும் 35 ஆம்பியரிலேயே வாங்க இருக்கிறேன். ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் முனைக்கு இரண்டு வயர்கள் வருகின்றன. ஒன்று வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்தது, மற்றொன்று ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் சொலினாய்டு ஸ்விட்சிலிருந்து வருவது. ஒரே முனைக்கு இரண்டு வயர்கள் எதற்கு என்று புரியாததால், இரண்டையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு புதிய வெள்ளை வயரைக் கொண்டுபோகலாம் என்று வரைந்திருக்கிறேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை முன்பு யாரோ 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டராக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் அப்படியே இருக்கிறது, அதன் பின்புறத் திருகுகள் சூட்டால் நிறம் மாறியிருக்கின்றன.

எந்த இடத்துக்கு எவ்வளவு தடிமனான வயர் வேண்டும், ஹார்னஸை எப்படி அளவெடுத்துக் கட்டுவது, இணைப்புகளை எல்லாம் சாலிடர் செய்துவிடலாமா என்பவை என் கேள்விகள். திட்டத்தில் பிழை இருந்தால் வயரை வெட்டும் முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழையபணிமனை எழுதியது:

வயரை வெட்டும் முன் கேட்டது நல்லதாயிற்று. உங்கள் திட்டத்தில் மூன்று இடங்கள் காருக்குக் கேடு விளைவிக்கும். தடிமனைப் பற்றிப் பேசும் முன் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, காயிலுக்கு வரும் அந்த இரண்டு வயர்கள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த அந்த வயர் சாதாரணச் செம்பு வயர் அன்று, அது மின்தடை வயர். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் காயிலுக்கு முன்னால் தனியாக ஒரு பலாஸ்ட் மின்தடையை வைப்பதற்குப் பதிலாக, ஹார்னஸுக்குள்ளேயே ஏறத்தாழ 1.5 ஓம் மின்தடை கொண்ட ஒரு நீண்ட வயரை வைத்துவிட்டார்கள். என்ஜின் ஓடும்போது காயிலுக்குப் பேட்டரியின் முழு மின்னழுத்தம் போகாமல் அது தடுக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிடும் என்பதால், அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் மின்தடையைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுக்கவே சொலினாய்டிலிருந்து இரண்டாவது வயர் வருகிறது. நீங்கள் வரைந்தபடி ஒரே வெள்ளை வயரைக் கொண்டுபோனால் கார் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும், நன்றாகவே ஓடும். ஆனால் காயில் சூடாகிக்கொண்டே போகும், காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்கள் கருகும். ஆகவே முதலில் காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 1.5 ஓம் அளவில் காட்டினால் அது பலாஸ்ட் வகைக் காயில். மின்தடை வயரையோ அதற்கு ஈடான ஒரு தனி மின்தடையையோ அவசியம் வைக்க வேண்டும். 3 ஓம் அளவில் காட்டினால் யாரோ காயிலை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது உங்கள் ஒற்றை வயர் சரியாக இருக்கும்.

இரண்டாவது, டாஷ்போர்டு பல்புகள். சார்ஜ் எச்சரிக்கை விளக்கை மட்டும் எல்இடி ஆக்காதீர்கள். அது வெறும் அடையாள விளக்கு அன்று. சாவியைத் திருப்பியதும் அந்த 2.2 வாட் பல்பின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுழலிக்குத் தொடக்கக் காந்தப்புலத்தைக் கொடுக்கிறது. எல்இடியின் வழியாகச் செல்லும் மின்னோட்டம் அதற்குப் போதாமல், என்ஜினை வேகமாக முடுக்கும் வரை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலேயே நிற்கக்கூடும். அந்த ஒரு பல்பு இழை பல்பாகவே இருக்கட்டும். திசைகாட்டி விளக்குகளையும் பிற்காலத்தில் எல்இடி ஆக்க நினைத்தால், விளக்குகளை விட்டு விட்டு எரிய வைக்கும் பழைய வெப்பவகை ஃபிளாஷர் அவற்றோடு ஒத்துப்போகாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வேண்டும்.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய கண்ணாடி ஃபியூஸில் இருக்கும் 35 என்ற எண், அது எரிந்துபோகும் மின்னோட்டத்தைக் குறிப்பது. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. ஆகவே 35 என்று எழுதிய பிளேடு ஃபியூஸ், 40 ஆம்பியர் சென்றாலும் நெடுநேரம் எரியாமல் நிற்கக்கூடும். அந்தச் சுற்றில் இருக்கும் பழைய வகை 2 சதுர மில்லிமீட்டர் வயருக்கு விதித்த அளவு 17.5 ஆம்பியர். ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும். ஃபியூஸ் காப்பது பல்பையோ மோட்டாரையோ அன்று, வயரைத்தான். அதனால் அந்தச் சுற்றில் உள்ள மிக மெல்லிய வயர் எதைத் தாங்குமோ அதைவிடக் குறைவான ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மீட்டரைப் பற்றி என் கருத்து தெளிவானது: எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டரைத் தவிர காரின் மொத்த மின்னோட்டமும் அந்த இரண்டு திருகுகளின் வழியாகத்தான் டாஷ்போர்டுக்குள் வந்து திரும்பிப் போகிறது, அதுவும் பெரும்பாலும் ஃபியூஸே இல்லாமல். டைனமோ காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. நிறம் மாறிய திருகுகள் இப்போதைய நிலையைச் சொல்லிவிட்டன. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயரை நேரடியாகக் கொண்டுபோய், பேட்டரிப் பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸை வையுங்கள். பேட்டரிப் பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது பேட்டரிதான். அம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் பொருத்தினால், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டுவதைப் பார்த்தே சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று அறியலாம்.

செம்பிழை எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஹெட்லைட்டையும் கட்டும் முறையையும் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு பழைய காரில் இரவில் ஓட்டுபவருக்கு உடனே பலன் தெரியும் மாற்றம் ஹெட்லைட் ரிலேதான்.

ஹை பீமில் இரண்டு பல்புகளுக்கும் சேர்த்து 120 வாட், அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியர். பழைய அமைப்பில் அது பேட்டரியிலிருந்து லைட் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து ஹை பீம், லோ பீம் மாற்றும் டிப் ஸ்விட்சுக்குப் போய், பிறகு முன்னால் வருகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லி ஓம் மின்தடை. 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 ஆம்பியரில் வயரிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடுகிறோம். தேய்ந்த ஸ்விட்ச் முனைகளும் துருவேறிய எர்த்தும் (பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) தின்பது தனி. ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். அதனால்தான் நல்ல பல்பு போட்டும் பழைய கார்களின் வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்து தெரிகிறது.

ரிலே வைத்துவிட்டால் ஸ்விட்சின் வழியாகச் செல்வது ரிலேயின் காயிலுக்கான 0.15 முதல் 0.2 ஆம்பியர் மட்டுமே. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலேக்களை ஹெட்லைட்டுகளுக்கு அருகில் வைத்து, ஒவ்வொன்றின் 30-ஆம் எண் முனைக்கும் (மின்சாரம் நுழையும் முனை) பேட்டரியிலிருந்து தடிமனான வயரைக் கொடுங்கள். மின்சாரம் வெளியேறும் 87-இலிருந்து இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனியே வயர் பிரியட்டும்; ஒவ்வொன்றுக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். மொத்தம் நான்கு ஃபியூஸ்கள் ஆகும். சிலர் இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் வைக்கிறார்கள். அது எரிந்தால் வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு விளக்குகளும் ஒன்றாக அணையும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பேட்டரியிலிருந்து ரிலேக்கள் வரை வரும் வயருக்கும் பேட்டரி அருகிலேயே ஒரு பெரிய ஃபியூஸ் வேண்டும். ரிலேயின் காயிலுக்கான 85, 86 முனைகளில் ஒன்றுக்கு டிப் ஸ்விட்சிலிருந்து வரும் பழைய வயர், மற்றொன்றுக்கு எர்த்; ரிலேக்குள் டயோடு இருந்தால் மட்டும் பாசிட்டிவ் பக்கம் எது என்று பார்த்து இணைக்க வேண்டும்.

வயர் தடிமனுக்குப் பழைய எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். 14/0.30 என்றால் 0.30 மி.மீ. இழைகள் பதினான்கு, அதாவது 1 சதுர மி.மீ.; 28/0.30 என்றால் 2 சதுர மி.மீ.; 44/0.30 என்றால் 3 சதுர மி.மீ. பார்க்கிங் விளக்குகளுக்கும் டாஷ்போர்டு விளக்குகளுக்கும் 1 சதுர மி.மீ. தாராளம். ஹெட்லைட்டுகளுக்கு 2, மின்விசிறிக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கிடைக்கும் மெல்லுறை வயர் வெப்பத்தை அதிகம் தாங்குவதால் அதே செம்புக்குக் கூடுதல் மின்னோட்டத்தை விதித்திருப்பார்கள். ஆனால் மின்னழுத்த இழப்பு செம்பின் அளவைப் பொறுத்ததே அன்றி உறையைப் பொறுத்தது அன்று. அதை நம்பி மெல்லிய வயருக்கு இறங்கிவிடாதீர்கள்.

பழைய நிறங்களை அப்படியே பின்பற்றுங்கள். பழுப்பு எப்போதும் உயிருள்ளது (மின்சாரம் உள்ளது), ஊதா ஃபியூஸுக்குப் பிறகு எப்போதும் உயிருள்ளது, வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது, பச்சை அதன் ஃபியூஸுக்குப் பிந்தையது, சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலமும் வெள்ளையும் ஹை பீம், நீலமும் சிவப்பும் லோ பீம், கறுப்பு எர்த். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் வயர்களும் இந்த இலக்கணத்துக்குள்ளேயே இருக்கட்டும். கையில் கிடைத்த ஒரே நிற வயரால் முழுக் காரையும் கட்டியவர்களின் வேலையைப் பிறகு பிரித்து அறிவது எவ்வளவு துன்பம் என்பதை நான் பலமுறை பட்டறிந்திருக்கிறேன்.

கட்டுவதற்கு ஒரு பெரிய பிளைவுட் பலகை வேண்டும். பழைய ஹார்னஸை அதன் மேல் இயல்பான வளைவுகளோடு விரித்து, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஆணி அடித்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு முனையிலும் நிறத்தையும் அது போய்ச் சேரும் பாகத்தையும் எழுதுங்கள். பிறகு அந்த ஆணிகளுக்கிடையே புதிய வயர்களை ஒவ்வொன்றாக இழுக்கலாம். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் சீட்டு கட்டுங்கள். முனைகளில் ஒரு கையகலம் கூடுதலாக விடுங்கள். நடுவில் வயர்கள் இணையும் இடங்கள் ஒரே இடத்தில் குவிந்தால் ஹார்னஸ் அங்கே பருத்து, ஃபயர்வாலில் (என்ஜினையும் உள்ளறையையும் பிரிக்கும் தகடு) உள்ள ரப்பர் குரோமெட் வளையத்துக்குள் நுழையாது. சற்று முன்பின்னாகத் தள்ளி வையுங்கள். வளையும் இடத்திலும் இணைப்பு வேண்டாம். எதிர்காலத் தேவைக்காக இரண்டு உபரி வயர்களை ஃபயர்வால் வழியாக இழுத்து, முனைகளை மூடி விட்டுவிடுவது என் வழக்கம்.

கடைசி டேப்பை அவசரப்பட்டுச் சுற்றாதீர்கள். நூலால் மட்டும் கட்டி, காரில் பொருத்தி, எல்லாச் சுற்றுகளையும் சோதித்த பிறகே சுற்ற வேண்டும். சுற்றுவதற்குப் பசையில்லாத பிவிசி ஹார்னஸ் டேப்பே சரி. வீட்டு இன்சுலேஷன் டேப் என்ஜின் சூட்டில் உருகிப் பிசுபிசுக்கும். கிளைகளின் நுனியில் தொடங்கி நடுத்தண்டை நோக்கிச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

கிரிம்ப்கை எழுதியது:

சாலிடர் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அதிர்வு இருக்கும் இடங்களில் சாலிடர் வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஊர்ந்து உறைக்குள்ளும் ஏறி, வளையும் வயரை ஒரு கம்பியாக ஆக்கிவிடுகிறது. அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் பின்னாளில் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். செம்பை ஒரு ஜோடி இறக்கையும் உறையை ஒரு ஜோடி இறக்கையும் பிடித்துக்கொள்ளும் திறந்தவகை டெர்மினலை, அதற்கென்றே உள்ள ராட்செட் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். பிளையரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. வீணான வயர்த் துண்டுகளில் பத்துப் பன்னிரண்டு முறை பழகி, ஒவ்வொன்றையும் வலுவாக இழுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழையபணிமனை எழுதியது:

இதில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். லூகாஸ் முறைப் புல்லட் (குண்டு வடிவ முனை) இணைப்புகளைச் சாலிடர் செய்து நான் பொருத்தியவை பல ஆண்டுகளாகப் பழுதில்லாமல் இருக்கின்றன. புல்லட்டை ரப்பர் உறையுள்ள இணைப்பான் பிடித்துக்கொள்கிறது, வயரும் அருகிலேயே கிளிப்பில் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே வளைவதற்கு இடமில்லை. என்ஜினிலிருந்து பாடிக்குத் தாண்டும் வயர்களுக்கும், கதவு, டிக்கி போன்ற திறந்து மூடும் இடங்களுக்கும் கிரிம்ப்கை சொன்னது முழுவதும் பொருந்தும்.

எர்த்தை யாரும் பேசவில்லை. பழைய கார்களின் பழுதுகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. எர்த் வயரின் முனைத் தகடு (லக்) உட்காரும் இடத்தில் பெயின்டை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் வைத்து முடுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். உங்கள் பாடி புதிதாகப் பெயின்ட் அடித்தது என்பதால் இது இன்னும் முக்கியம். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாத ஒரு காரில் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளின் உறை புகைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியை நேரடியாக இணைக்காமல், அதன் முனைக்கும் கேபிளுக்கும் இடையே ஒரு 21 வாட் பல்பைத் தொடராக வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 2 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் கருகாது. எல்லா ஸ்விட்சுகளும் அணைந்திருக்கும்போது பல்பு இருட்டாக இருந்தால் மட்டுமே பேட்டரியை நேராக மாட்டுங்கள்.

கராஜ்வாசி எழுதியது:

மூன்று மாதங்களுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறேன். முதலில் நன்றி. காயிலை அளந்தேன், 1.5 ஓம். அந்த இரண்டு வயர்களில் ஒன்றைக்கூட நான் தொட்டிருக்கக் கூடாது என்பது அப்போது உறைத்தது. மின்தடை வயரின் உறை கெட்டிருந்ததால், அதற்கு ஈடான பீங்கான் மின்தடையை ஃபயர்வாலில் பொருத்தி, சொலினாய்டு வயரையும் முறைப்படி கொண்டுவந்தேன். அம்மீட்டரை எடுத்துவிட்டேன்.

பழைய ஹார்னஸைக் கழற்றும் முன்பே, ஹை பீம் எரியும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் முனைக்கும் இடையே அளந்து குறித்து வைத்திருந்தேன்: 1.6 வோல்ட் இழப்பு. எர்த் பக்கத்தில் 0.4 வோல்ட். புதிய ஹார்னஸில் அதே இடங்களில் 0.2, 0.05. இரவில் சாலையைப் பார்த்தபோது இது அதே கார்தானா என்று நினைத்தேன்.

ஒரு பழுது மட்டும் பிடிபடவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியை அணைத்தால், என்ஜின் உடனே நிற்காமல் இரண்டு மூன்று நொடிகள் ஓடிவிட்டு நிற்கிறது. மின்விசிறி ஓடாதபோது உடனே நின்றுவிடுகிறது. கார் நின்ற பின் விசிறி ஓடக் கூடாது என்பதற்காக, அதன் ரிலேயின் 30-ஆம் முனைக்குச் சாவியால் உயிர் பெறும் லைனிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறேன். ரிலேயின் காயிலுக்கும் அதே லைன்தான்.

செம்பிழை எழுதியது:

காரணம் அந்த 30-ஆம் முனைதான். சாவியை அணைத்த பிறகும் விசிறி தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் நிரந்தரக் காந்த மோட்டார் ஒரு டைனமோ. அது உண்டாக்கும் மின்சாரம் 87-இலிருந்து 30 வழியாகப் பின்னோக்கிப் போய், வெள்ளை லைனுக்குள் நுழைந்து, இக்னிஷன் காயிலுக்கும் உயிர் கொடுக்கிறது, ரிலேயையும் பிடித்து வைக்கிறது. விசிறியின் வேகம் குறைந்ததும் ரிலே விடுகிறது, என்ஜின் நிற்கிறது. அதுமட்டுமன்றி, விசிறியின் முழு மின்னோட்டமும் இப்போது உங்கள் பழைய இக்னிஷன் ஸ்விட்சின் வழியாகச் செல்கிறது, அதுவும் கூடாது. 30-க்குப் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேரடி மின்சாரம் கொடுங்கள். ரிலேயின் காயிலை மட்டும் சாவி லைனில் விட்டுவிடுங்கள்; சாவியை அணைத்ததும் ரிலே விழும், விசிறிக்கும் இக்னிஷனுக்கும் இடையே பாதையே இருக்காது.

கராஜ்வாசி எழுதியது:

மாற்றிவிட்டேன். விசிறி முழு வேகத்தில் ஓடும்போது பத்து முறை அணைத்துப் பார்த்தேன். பத்து முறையும் என்ஜின் சாவியோடு நின்றது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை பழுப்பு வயரும் ஃபியூஸிலிருந்து ரிலே வரை ஊதா வயரும் போட்டு, வரைபடத்திலும் திருத்தியிருக்கிறேன். என்ஜின் பக்கத்துக் கிளைகள் இன்னும் நூல் கட்டோடுதான் இருக்கின்றன. நாளை டேப் சுற்றத் தொடங்குகிறேன், வலது ஹெட்லைட்டின் நுனியிலிருந்து.